மோந்து பார்த்த உப்பு

ஜானகி தான் சமைத்ததை ஒருநாளும் ருசி பார்த்ததில்லை. பெருமாளுக்குக் காட்டும்வரை ஒரு பருக்கைகூட யார் நாக்கிலும் படக்கூடாது என்பது, மயிலாப்பூர் சித்திரைக்குளத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டின் சட்டம். அக்கம்பக்கத்து வீடுகளிலும் இந்தச் சட்டம் இருந்ததுதான். அவர்கள் உப்பைக் கைக்கணக்கில் போட்டுவிட்டு, கூடினாலும் குறைந்தாலும் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார்கள். ஜானகி அப்படி விடுகிறவள் அல்ல. அவள் மோந்து பார்ப்பாள். கொதிக்கும் பருப்பின் மேல் குனிந்து, ஆவியை வலது கையால் முகத்தின் பக்கம் தள்ளிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பாள். "உப்பு ஏறலை" என்பாள். ஒரு சிட்டிகை போடுவாள். மறுபடி குனிவாள். நிமிரும்போது கை அடுப்பை அணைத்திருக்கும்.

உப்புக்கு வாசனையே கிடையாது என்று தம்பி சாரதி ஒருமுறை சொன்னான். அவன் வேதியியல் படித்தவன். "உனக்குக் கிடையாது" என்றாள் ஜானகி.

உறவில் ஒரு பெரியவர் வேறு மாதிரி மடக்கப் பார்த்தார். பூவைக்கூட மோந்துவிட்டுப் பெருமாளுக்குச் சாத்துவதில்லையே, சமைத்த தளிகையை மட்டும் மோந்து பார்க்கலாமா என்று கேட்டார். "அப்போ சமைக்கறவாள்லாம் மூக்கைக் கழட்டி மாடத்துல வெச்சுட்டு வரணுமா?" என்று கேட்டபடியே ஜானகி அவர் இலையில் இன்னொரு கரண்டி சாத்தமுது விட்டாள். ரசத்துக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர். அவர் அதைக் குடித்துவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அவள் சமையலில் பெரிய விஷயம் எதுவும் கிடையாது. பாசிப்பருப்பு, முளைக்கீரை, வாழைத்தண்டு, மிளகு, சீரகம், கொஞ்சம் தேங்காய். எண்ணெய்ச் சட்டி பண்டிகைக்குத்தான் இறங்கும். சாரதிக்கு ரத்தக்கொதிப்பு வந்து, உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தபோது, மற்ற வீடுகளில் நடப்பதுபோல் முணுமுணுப்பும் தனிக் குழம்பும் அங்கே நடக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை ஒரு மூடி அதிகம் பிழிந்தாள். மிளகைப் புதிதாகப் பொடித்தாள். பாதி உப்பு விழுந்த கூட்டின் ஆவி எப்படி இருக்கும் என்று மூக்குக்குச் சொல்லிக் கொடுத்தாள். அடுத்த பரிசோதனையில் சாரதியின் ரத்தக்கொதிப்பு இறங்கியிருந்தது. டாக்டர் மாத்திரையைப் பாராட்டினார்.

கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள் அவள். வந்தவளுக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை. அடுப்படியை அவளே எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டதை யாரோடும் பங்கு போடவும் இல்லை.

சாரதிக்குக் கல்யாணமாகி சுலோச்சனா வந்தாள். தி.நகர்ப் பெண், மவுண்ட் ரோட்டில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. வந்த புதிதில், தன் பெற்றோர் முதல்முறையாகச் சாப்பிட வந்த அன்று, சாத்தமுதைக் கரண்டியால் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். அவள் பிறந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஜானகி சத்தம் போடவில்லை. பாத்திரத்தோடு சாத்தமுதை எடுத்துப்போய், கூடத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்திகளின் கண்ணுக்குத் தெரியும்படி, முற்றத்துச் சாக்கடையில் கொட்டினாள். புளி போட்டுத் தேய்த்தாள். சம்பந்திகள் காத்திருக்க மறுபடி புளி கரைத்தாள். "உங்க பொண்ணுக்கு எச்சில் தெரியலை. தப்பில்லை. சொல்லிக் குடுக்கலை, அவ்வளவுதான்" என்றாள் பரிமாறும்போது. சுலோச்சனாவின் அம்மா அன்று மோர் சாதம் சாப்பிடாமல் எழுந்தாள்.

அதற்குப் பிறகு சுலோச்சனா அடுப்படிக்குள் கால் வைத்ததில்லை. கூடத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுப்பாள். ஜானகி கட்டிக் கொடுத்த டப்பாவை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போவாள். மாலையில் கழுவிய டப்பாவை அடுப்படி வாசற்படியில் வைப்பாள். ஓய்வு பெறும்வரை அப்படியே போயிற்று. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்று ஜானகி நினைத்திருந்தாள்.

ஐப்பசி மழையில் ஜானகிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வந்ததுதான். எழுந்து வந்த அன்று காலையில் டிகாஷன் இறக்கினாள்; வடிகட்டியிலிருந்து மணம் எதுவும் வரவில்லை. கறுப்பாகச் சொட்டியது, அவ்வளவுதான். சளி என்று நினைத்தாள். வெந்நீரில் ஆவி பிடித்தாள். பெருங்காயக் கட்டியை மூக்கருகே கொண்டுபோனாள். கல்லைக் கொண்டுபோன மாதிரி இருந்தது. கற்பூரத்தை உள்ளங்கையில் நசுக்கி முகத்தில் அப்பிக்கொண்டாள். கண் எரிந்தது. வாசனை வரவில்லை.

அன்று கீரைக்கூட்டின் மேல் குனிந்தபோது முகம் நனைந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. கையால் ஒரு கணக்கில் போட்டாள். ஆனால் அந்தக் கை இத்தனை வருஷமும் மூக்கு சொன்னதைச் செய்தே பழகியது. அதற்குத் தானாக எதுவும் தெரியாது.

சாரதி ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டு, ஊறுகாய் ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவன் எதற்கும் எதுவும் சொல்லாதவன். அதை நல்ல குணம் என்று எல்லோரும் சொல்வார்கள்.

சுலோச்சனாதான் சொன்னாள். "அக்கா, இன்னிக்கு உப்பு மறந்துட்டேளா?"

"அவனுக்குக் குறைச்சுத்தானே போடணும்."

"குறைச்சு இல்லேக்கா. போடவே இல்லை." அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எல்லோரும் எழுந்த பிறகுதான் ஜானகி சாப்பிடுவாள். அவள் தட்டில்தான் அவளுக்குப் பதில் கிடைத்தது. நாக்கு செத்துப்போகவில்லை, உப்பும் புளிப்பும் அதற்குத் தெரிந்தன. ஆனால் அந்தப் பதில் வந்து சேரும்போது பரிமாறி முடிந்திருக்கும். காட்டி முடித்த பிறகு உப்பைச் சேர்க்கலாம். அது பெருமாளுக்கு உப்பில்லாததைக் காட்டினேன் என்று ஒப்புக்கொள்வது. முன்னாலேயே ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்க்கலாம். அதற்கு அவள் கை போகவில்லை. சட்டத்துக்கு மட்டும் பயந்திருந்தால் ஒருவேளை போயிருக்கும். அந்தச் சட்டத்தை வைத்துத்தான் அவள் அந்த வீட்டில் ஒருத்தியை வெளியே நிறுத்தியிருந்தாள்.

மறுநாள் கூடிப்போயிற்று. அதற்கடுத்த நாள் குறைந்தது. ஒரு மத்தியானம் சுலோச்சனா தொலைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். "படப்பை பக்கத்துல ஒரு ஹோம் இருக்காம். சுத்த சைவம். தனி ரூம். வயசானவாளுக்கு அடுப்பு கிட்டயே வேலை இல்லை பாரு, அதான் சௌகரியம்." குரலைத் தாழ்த்தாமல்தான் பேசினாள். ஜானகிக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அன்றிலிருந்து ஜானகிக்கு ஒரே ஒரு கவலைதான். அடுப்படி போனால் வீடு போய்விடும்.

முத்தம்மா பாத்திரம் தேய்க்க வருகிறவள். நொச்சிக்குப்பம். அவள் தங்கை மீன் விற்கிறாள். முத்தம்மா மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்புறக் குழாயடிக்கு வந்து, வேலை முடிந்ததும் அதே வழியாகப் போய்விட வேண்டும். அவள் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரங்களின் மேல் ஜானகி ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் தொடுவாள். மீன் வாடையோடு வந்தால் கூடத்திலிருந்தே குரல் வரும்: "குளிச்சுட்டு வந்தியா, இல்லை கடல்லேர்ந்து நேரா வரியா?" முத்தம்மாவும் விடுகிறவள் அல்ல. "கடல்லேந்துதான் மாமி. உங்க ஊட்டுக் குயாய்ல தண்ணி வரலன்னா அங்கதான் போணும்" என்பாள்.

ஒருநாள் அவள் ஒரு கருவாட்டுப் பொட்டலத்தை மடியில் கொண்டுவந்து துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டாள். மாமி கத்தப் போகிறாள் என்று காத்திருந்தாள். ஜானகி பாத்திரம் எடுக்க வந்தாள். அந்தக் கல்லின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். பொட்டலத்தை நகர்த்திவிட்டுச் சொம்பை எடுத்தாள்.

முத்தம்மா தேய்ப்பதை நிறுத்தினாள். "மாமி."

"என்ன."

"ஒண்ணும் நாறல?"

ஜானகி பொட்டலத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"காச்சல்ல போச்சா? எங்க மச்சானுக்கும் அப்டித்தான் ஆச்சு. அழுகுன மீன வாங்கியாந்துட்டான். அத்தோட கடைக்கே அனுப்பறது இல்ல அவன."

"வாயை மூடு."

"நான் ஏன் சொல்லப் போறேன். எனக்கு நல்லதுதான். இனிமே தெனம் மீனத் துன்னுட்டு வரலாம்."

இரண்டு நாள் யோசித்த பிறகு ஜானகி அவளைக் குழாயடியிலிருந்து கூப்பிட்டாள். சமையலறையின் பின்வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னாள். வாசற்படியைத் தாண்டக்கூடாது. கையைக் குவித்து நீட்டச் சொன்னாள். ஒரு கரண்டி கூட்டை எடுத்து, பாத்திரத்திலும் கரண்டியிலும் அவள் கை படாத உயரத்திலிருந்து ஊற்றினாள்.

"சூடும்மா."

"ஊதிக் குடி. உப்பு இருக்கா?"

"நான் துன்னா உங்க சாமி கோச்சுக்காதா?"

"பெருமாளைப் பத்தி நீ பேசாதே. இருக்கா, இல்லையா?"

முத்தம்மா நாக்கைச் சுழற்றினாள். "உப்பு எங்க கீது இதுல. வாய் கொப்பளிச்ச தண்ணி மாதிரி கீது."

ஜானகி அந்தக் கரண்டியைத் தனியே வைத்தாள். கழுவிய பிறகும் அது மற்ற கரண்டிகளோடு சேரவில்லை. தான் ருசி பார்க்கவில்லை, பாத்திரம் எச்சில் படவில்லை, வாசற்படியை யாரும் தாண்டவில்லை. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபோது எதிலும் குறை தெரியவில்லை. சட்டத்தின் எந்த எழுத்தும் உடையவில்லை. முத்தம்மாவின் எச்சில் போக மிச்சத்தைத்தான் பெருமாளுக்குக் காட்டுகிறோம் என்பதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. முத்தம்மாவின் நாக்கை அவள் நாக்காகவே நினைக்கவில்லை. சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்து மணி தெரிந்துகொள்வதுபோல்தான் அது.

அதில்தான் பிசகு இருந்தது. அந்த நாக்கு வளர்ந்தது காரப்பொடி மீன்குழம்பிலும் கருவாட்டிலும். ஜானகியின் முழு உப்பே அதற்குப் பாதி. பாதி உப்பு அதற்கு வெறும் தண்ணீர். தினமும் முத்தம்மா "கம்மி" என்றாள். தினமும் ஜானகி போட்டாள். "இப்ப?" "இப்பத்தான் வாய்ல வெக்கிற மாதிரி கீது."

வீட்டில் சாப்பாடு களை கட்டியது. சாரதி முதல்முறையாக, கேட்காமலே, "கூட்டு நன்னா இருக்கு" என்றான். இரண்டாம் தடவை கூட்டு கேட்டான். சுலோச்சனா கூட, "கைக்கு என்னக்கா ஆச்சு, இவ்வளவு ருசியா பண்றேள்" என்றாள். ஜானகி தன் தட்டில் அதைச் சாப்பிட்டபோது கரித்ததாக அவளுக்குத் தெரியவில்லை. மணம் போன வாயில் உப்பு ஒன்றுதான் உயிரோடு இருந்தது. அது வந்தபோது அவளுக்கும் சந்தோஷமாக இருந்தது. படப்பைப் பேச்சு நின்றுவிட்டது. முத்தம்மாவிடம் அவள் கொஞ்சம் கூடுதலாகவே கடுப்பாக நடந்துகொண்டாள். உள்ளங்கையில் சூடு பட்டுக் கொப்புளம் வந்ததைக் காட்டியபோது, "வேலைக்காரிக்குப் பட்டுக் கையா" என்றாள்.

தை பிறந்து கொஞ்ச நாளில் சாரதியின் கால் வீங்கியது. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. படியேறும்போது மூச்சு வாங்கியது. டாக்டர் ரத்தக்கொதிப்பைப் பார்த்துவிட்டு, இரண்டாம் முறை பார்த்தார். "ஊறுகாய், அப்பளம், வெளிச்சாப்பாடு?" "எதுவும் இல்லை டாக்டர். அக்கா தளிகைதான்." "அப்படீன்னா அதுலதான் உப்பு இருக்கு. இப்படியே போனா இதயம் தாங்காது" என்று சொல்லி மாத்திரையை மாற்றினார்.

சுலோச்சனா வீட்டுக்கு வந்து எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு, கோவிலுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினாள். சுற்றிக்கொண்டு பக்கவாட்டுச் சந்துக்குள் வந்து, கொடியில் காய்ந்த புடவைக்குப் பின்னால் நின்றாள். பின்வாசலுக்கு வெளியே நீண்ட கையையும், உயரத்திலிருந்து விழுந்த கூட்டையும் பார்த்தாள். "கம்மி" என்பதைக் கேட்டாள். உள்ளே பெருமாளுக்கு மணி அடிக்கும் சத்தம் வரும்வரை நின்றாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது என்று சொல்ல முடியாது. பல வருஷமாகத் தேடிய ஒரு பொருள், தேடாத இடத்தில் கிடைத்தவளின் முகம் அது.

அன்றே அதைப் பேசவில்லை. கணவனுக்கு மட்டும் அன்று மோர் சாதம் போதும் என்றாள். மறுநாள் முத்தம்மா வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில், சாரதியையும் கூட்டிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். ஜானகி உள்ளே மேடை துடைத்துக்கொண்டிருந்தாள். முத்தம்மா முந்தானையை இழுத்துத் தலையோடு போர்த்தியபடி வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

"முத்தம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றாள் சுலோச்சனா. "பெருமாளுக்குக் காட்டறதுக்கு முன்னாடி, தளிகை பண்ணினதை நீ சாப்பிடறியா?"

முத்தம்மா ஜானகியைப் பார்த்தாள். என்ன சொல்லட்டும் என்று கேட்கும் பார்வை அது. ஜானகிக்கு நேரம் இருந்தது. நான்தான் கொடுத்தேன், மூக்கு போய்விட்டது என்று சொல்ல இரண்டு மூச்சு போதும். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் அவள் நினைத்துப் பார்த்தாள். படப்பை.

"நான் அந்தண்டை திரும்பற நேரமாப் பார்த்துத் திருடித் தின்னுருப்பா" என்றாள். "கண்ணை மூடிண்டா நடக்க முடியும்? எத்தனையைத்தான் பார்க்கறது."

சாரதி தரையைப் பார்த்தான்.

முத்தம்மாவுக்குக் குரல் உயரவில்லை. "இன்னா மாமி இப்டி சொல்ற. கைய நீட்டுன்னு நீதான சொன்ன. மேலேந்து ஊத்துன. கை பொத்துப்போச்சு, அப்பகூட நான் ஒரு வார்த்த கேக்கலயே."

"பொய் சொல்றா."

"சரி, பொய். நான் திருடிதான். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. இப்ப என் மேல இன்னா வாசன வருது?"

ஜானகி சிரித்தாள். "உன் மேல வேற என்ன வரும். கவுச்சிதான். வாசல்ல நிக்கும்போதே குடலைப் பிடுங்கறது."

ஜானகி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுலோச்சனாவின் முகத்தைப் பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு யாரும் நிற்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

முத்தம்மா திரும்பி முதுகைக் காட்டி முந்தானையை விலக்கினாள். கொண்டையைச் சுற்றி நெருக்கமாகக் கட்டிய மல்லிகை. கழுத்தில் காய்ந்த சந்தனம். "தங்கச்சி மவளுக்கு இன்னிக்கு வளகாப்பு. மீனத் தொடவே இல்ல. பூவு வாசன சந்து மொனை வரைக்கும் அடிக்குதுன்னு தெருவுல கேலி பண்றாங்க." திரும்பி ஜானகியைப் பார்த்தாள். "பூவு இன்னா மீன் இன்னா, உனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா எம்மேல இன்னா வரணும்ன்றது மட்டும் உனக்கு மூக்கு இல்லாமயே தெரியுது மாமி."

சுலோச்சனாவுக்கு அந்த இடத்தில் கணக்கு முடிந்துவிட்டது. ஒரு வார்த்தையில் ஜானகியை அவள் கீழே தள்ளியிருக்கலாம். அதைச் செய்யவில்லை. ஜானகியின் பக்கம் நின்றாள்.

"அக்கா பொய் சொல்ல மாட்டா" என்றாள் முத்தம்மாவிடம், மிக மென்மையாக. "இந்த ஆத்துல எச்சில்னா என்னன்னு அக்காவுக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கும் தெரியாது. நீ நாளைலேர்ந்து வர வேண்டாம்."

முத்தம்மா அவளையும் பார்த்தாள். இந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "நல்லாக் கீதுமா உங்க நாயம்" என்றாள். "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் துன்னுங்க. அதுக்கு உப்பு வேணாம்." சந்து வழியாகப் போய்விட்டாள்.

சாரதி எதையோ சொல்ல வாயெடுத்தான். "என்னன்னா?" என்று சுலோச்சனா கேட்டாள். "ஒண்ணுமில்லை" என்றான்.

அடுப்படியில் ஜானகி துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். சுலோச்சனா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். "நீங்க கவலைப்படாதீங்கோ அக்கா. இது உங்க இடம். யாரும் உங்களை எங்கேயும் அனுப்பப் போறதில்லை. எப்பவும் போலப் பண்ணுங்கோ. அவருக்கு மட்டும் டாக்டர் சொன்ன மாதிரி நான் தனியா ஏதாவது பார்த்துக்கறேன்."

ஜானகி துடைப்பதை நிறுத்தினாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. சுலோச்சனாவை இவ்வளவு நாளும் தப்பாக நினைத்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது.

சாயங்காலம் கடைப் பையன் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பைக் கொண்டுவந்து இறக்கினான். அது கூடத்து மேஜையில் ஏறியது. சமைக்கவே தெரியாத சுலோச்சனா, போனில் வீடியோவை ஓடவிட்டு, கரண்டியில் எடுத்து எடுத்து நக்கிப் பார்த்து, முதல் நாள் ஒரு பருப்பும் பீன்ஸும் செய்தாள். பீன்ஸ் வேகவில்லை. சாரதி சாப்பிட்டான். அவன் கால் வீக்கம் மெல்ல வடிந்தது. பிறகு சுலோச்சனாவும் அதையே சாப்பிட்டாள். இரண்டு பேருக்கு இரண்டு விதமாக எதற்கு என்றாள்.

ஜானகி விடிகாலையில் குளித்து, கீரை ஆய்ந்து, எப்போதும்போல் தளிகை பண்ணினாள். இப்போது கையில் வந்ததைப் போட்டாள். சாரதி உள்ளே வந்து, அவள் சமைத்ததைப் பெருமாளுக்குக் காட்டி, மணி அடித்துவிட்டு, கூடத்துக்குப் போய் உட்கார்ந்தான். அவன் உட்காருகிற நாற்காலி அடுப்படிக்கு முதுகைக் காட்டிப் போடப்பட்டிருந்தது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிடுகிற பழக்கத்தை ஜானகி விடவில்லை. அவள் பாத்திரங்கள் மூடியபடியே காத்திருந்தன. பிறகு அவள் தட்டுப் போட்டுக்கொண்டாள். ஒருநாள் கரித்தது, ஒருநாள் சப்பென்றிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. குறை சொல்ல ஒருவரும் இல்லை.

மிஞ்சியதை யாருக்குக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. புதிதாக வந்த வேலைக்காரி, "எங்க வூட்ல சாப்டமாட்டாங்கம்மா, உப்பே இல்ல" என்றாள். அது ஒரு வாரம். அடுத்த வாரம், "ஒரே உப்பும்மா" என்றாள்.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம், கூடத்தில் வெகுநேரம் தாளிக்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, "என்ன மாமி, உங்காத்துல இப்படி ஒரு வாசனை? தெருவையே தூக்கறதே" என்றாள். சுலோச்சனா சிரித்தாள். என்ன வாசனை என்று இருவரும் சொல்லவில்லை. ஜானகி சமையலறை நடுவில், மூக்கை உயர்த்திக்கொண்டு, வெகுநேரம் நின்றாள். காற்று வந்து போயிற்று.

சாரதி தண்ணீர் எடுக்க உள்ளே வந்தான்.

"இன்னிக்கு அங்க என்னடா பண்ணினா?"

"சாம்பார்தான்."

"என்ன சாம்பார்?"

அவன் சொம்பைக் குழாயில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். "முருங்கைக்காய்" என்றான். அக்காவின் மனம் நோக வேண்டாம் என்று நினைத்திருப்பான். அவன் எப்போதும் அப்படித்தான்.

அவன் போன பிறகு, கீரைத்தண்டைப் போடக் குப்பைக் கூடையைத் திறந்தாள். உள்ளே ஊதா நிறத்தில், மெல்லிசாக, நிறைய வெங்காயத் தோல். அந்த வீட்டுக்குள் வெங்காயம் வந்தது அதுதான் முதல் தடவை. அதில் ஒன்றை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். கீழே போட்டாள். கையை வழக்கம்போல் மூன்று முறை கழுவினாள்.

கூடத்தில் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாரதி இன்னும் கொஞ்சம் கேட்பது காதில் விழுந்தது. அடுப்படி அவளுடையதாகவே இருந்தது. மறுநாள் காலையிலும் மூன்று பேருக்கு அரிசி களைந்தாள்.